கனகசுந்தரம் பார்த்த படங்கள்

கனகசுந்தரத்தைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. ஊர் அவரை மறந்து கனகாலம். மறக்க முடியாமல் கிடந்து மாய்கிறவன் நான் ஒருவன்தான், அதுவும் என் வாய்க்கொழுப்பால்.

அவர் கிளிவெட்டிக்காரர். வயல் வேலை பிடிக்காமல் சீனன்குடாவுக்கு வந்து எண்ணெய்த் தாங்கிகளில் அளவு பார்க்கிற வேலையில் சேர்ந்தார். தாங்கியின் இரும்புப் படியில் ஏறி, உச்சியில் உள்ள வாயால் உருக்கு நாடாவை இறக்கி, எண்ணெய் எவ்வளவு உயரம் நிற்கிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டும். கீழே பம்ப் ஓட்டுகிறவன் நான், இராசதுரை. பத்தொன்பது வருஷம் அவர் மேலே நின்று அளவைக் கூப்பிட்டுச் சொல்ல நான் கீழே குறித்தேன். ஒரு நாளும் அளவு தவறியதில்லை.

வேலை சோறு போட்டது, ஆனால் மனுஷனின் உயிர் படத்தில்தான். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அவரும் நானும் எங்களோடு வேலை செய்த கிண்ணியா அன்ஸாரும் பஸ் பிடித்துப் பட்டணத்துக்குப் போய் மெட்னிப் படம் பார்ப்போம். தியேட்டரை விட்டு வெளியே வந்தால் படத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடக்கூடாது. அது அவர் போட்ட சட்டம். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்த பிறகுதான் கதை தொடங்கும்.

"ரெண்டு நாள் வயித்துக்குள்ள கிடந்தால்தான் படம் செமிக்கும்" என்பார்.

முதலில் அன்ஸார், பிறகு நான், கடைசியில் அவர். அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. எங்கள் மேலதிகாரி ஓவசியரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து கேட்பார். எனக்கு அதுதான் பற்றி எரியும். நான் நல்லதென்று சொன்ன பாட்டு அவருக்குப் பிடிக்காது. நான் அழுத இடத்தில் அவருக்குச் சிரிப்பு. "துரைக்கு மூக்குச் சிந்தவே நேரம் காணாது, படத்தை எங்க பாக்கிறது?" என்று ஒருமுறை சொல்ல, ஓவசியர் புரைக்கேறும் மட்டும் சிரித்தார். அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் அவருக்குக் கண் தெரியாமற் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பாவி எனக்குத் தெரியாது. எங்கள் ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் டாக்டரிடம் காட்டியும் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். மூத்த மகளுக்கு ஆவணியில் கலியாணம் பேசியிருந்தது. அதுவரைக்குமாவது வேலையில் நின்றுவிட வேண்டும் என்று புருஷனும் மனைவியும் மூடி மறைத்தார்கள். படியும் வழியும் காலுக்குப் பழக்கம்; நாடாவில் எண்ணெய் நனைத்த இடம் வரைக்கும் வெட்டியிருக்கும் கோடுகளை நகத்தால் தடவியே அளவு சொல்லியிருக்கிறார். படத்துக்குப் போனால் வசனத்தைக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை, தியேட்டர் வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகத்தை மனைவி நல்லம்மா வாசித்துக் காட்டுவா. அதில் முக்கால்வாசிக் கதை இருக்கும். முடிவு மட்டும் இராது. "மிகுதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திவிடுவார்கள்.

எழுபத்தைந்தாம் ஆண்டு சித்திரையில் ஒரு படம் வந்தது. சிறையிலிருந்து வருகிற மகனுக்காகத் தாய் ஸ்டேஷனில் காத்து நிற்கிறாள். கடைசிப் பத்து நிமிஷம் ஒரு வசனமும் கிடையாது. ரயில் சத்தமும் வயலினும்தான். அந்தச் சனிக்கிழமை நான் மனைவியோடு போனதால் அவர்களை விட்டு வேறு பக்கம் இருந்தேன்; அவர் வந்ததை நான் காணவில்லை.

திங்கட்கிழமை அவருடைய முறை வந்தது.

"தாயும் மகனும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க ஒரு வசனமும் வைக்காமல் விட்டான் பாருங்கோ, அங்கதான் டைரக்டர் நிக்கிறான்" என்றார்.

"ஆர் ஆரைக் கட்டிப்பிடிச்சது?" என்றேன்.

"தாயும் மகனும்தான்."

மகன் ரயிலை விட்டு இறங்கவே இல்லை! ஜன்னலால் தாயைக் கண்டதும் முகத்தைத் துவாய்த் துண்டால் மூடிக்கொண்டான். ரயில் போய்விட்டது. அவள் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதுதான் முடிவு.

கனகசுந்தரம் பிழைவிட்டார்! எனக்குத் தலைகால் தெரியவில்லை. எழும்பி நின்று கத்தினேன்.

"அண்ணை, நீங்கள் படத்துக்கே போகேல்லை! பாட்டுப் புத்தகத்தைப் பாத்திட்டு வந்து எங்களுக்கு அளக்கிறியள். முடிவு அதில இல்லையெல்லோ, வசமா மாட்டுப்பட்டுப் போனியள்!"

அவர் முகம் ஒரு கணம் வெளிறிப் பிறகு மலர்ந்தது. "ஓம் துரை, பிடிச்சிட்டாய். நான் போகேல்லைத்தான்" என்றார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்ஸாருக்குப் பொறுக்கவில்லை. பெரிய மனுஷனை நான் எல்லார் முன்னாலும் கள்ளனாக்குகிறேன் என்று நினைத்துவிட்டான்.

"ஏன் அண்ணன் இல்லாத பழிய ஏத்துக்கிறீங்க? எனக்குப் பக்கத்துக் கதிரையிலதானே இருந்தீங்க! முடியிற வரைக்கும் திரைய விட்டுக் கண்ணெடுக்கல்லயே!"

கடைசி மட்டும் இருந்த மனுஷனுக்கு முடிவு எப்படித் தெரியாமற் போகும்? ஓவசியர் எழும்பி வந்து அவருக்கு முன்னால் வெறும் கையை நீட்டினார்.

"கனகசுந்தரம், என்ர கையில என்ன இருக்கு?"

கனகசுந்தரம், குரல் வந்த பக்கம் பார்த்தார். "தேத்தண்ணிக் கோப்பை, சேர்" என்றார்.

ஓவசியர் கெட்டவரல்ல. "நாப்பது அடி உயரத்தில கண் தெரியாத மனுஷனை ஏத்திப்போட்டு நான் நித்திரை கொள்ள ஏலாது" என்றார். அவர் சொன்னதில் என்ன பிழை? அந்த வாரத்தோடு வேலை போனது. கலியாணமும் குழம்பியது. அப்பனுக்குப் போன கண் பிள்ளைகளுக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீட்டார் பயந்துவிட்டார்கள்.

பாலையூற்றில் இருந்த அவர் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. நல்லம்மா கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் திரும்பிக் குசினிக்குள் போய்விட்டா. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். அவர் மட்டும் "வா துரை" என்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "படத்துக்குப் போவம் அண்ணை, நான் பக்கத்தில இருந்து சொல்லுறன்" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

தியேட்டரில் நான் ஒன்றும் விடாமல் காதுக்குள் சொன்னேன். இப்ப சிரிக்கிறாள், நீலச் சீலை, வாசலில ஒரு கார், அவன் திரும்பிப் பாக்கிறான். பாவம் தீர்க்கிறவன் மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். இடைவேளைக்கு முன்னமே அவர் என் முழங்காலில் கையை வைத்தார்.

"போதும் துரை."

"ஏன் அண்ணை, வடிவாச் சொல்லேல்லையோ?"

"வடிவாத்தான் சொல்லுறாய். ஆனால் இவ்வளவு காலமும் நான் படம் பாத்துக்கொண்டுதானடா இருந்தனான். நீ சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

எழும்பி, இருட்டுக்குள் என் கையைத் தேடிப் பிடித்தார். மூன்று வருஷம் தன்பாட்டில் நடந்து வந்து போன அதே வழியால் நான் அவரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.