நாளைக் காலை விமானத்துக்கான காசு

எங்கள் வீட்டில் பேங்க் கணக்கு இரண்டு. ஒன்று சம்பளம் வந்து விழுகிற கணக்கு. விழுந்த வேகத்தில் வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், பால், காஸ் என்று ஓடியும் போய்விடும். இன்னொன்றைப் பற்றி வெளியாரிடம் பேசமாட்டோம். கேட்டால் அவசரத்துக்கு என்று சொல்லி முடித்துக்கொள்வோம். டில்லியில் இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்கு அது என்ன அவசரம் என்று விளக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து விடியக்காலையில் போன் வந்தால் அன்றைக்கே விமானம் ஏறுவதற்கான காசு அது. பச்சையாகச் சொன்னால், சாவுக்குப் போகிற காசு. அப்படிச் சொல்ல நாக்கு கூசியதால் ஊர்க் காசு என்று சொல்லிக்கொண்டோம்.

என் அம்மா இறந்தபோது எங்களிடம் அந்தக் காசு இல்லை. மே மாதம், அதிலும் மாதக் கடைசி. மதுரைக்கு அன்றைய டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு என் கணவர் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். அவர் ஆபீஸில் இரண்டு பேரைக் கேட்டு, ஒருவர் தருகிறேன் என்று சொல்லி, அது கைக்கு வருவதற்குள் விமானத்தில் இருந்த இடமும் போய்விட்டது. ரயிலில்தான் போனோம். தென்காசியில் அண்ணன் ஐஸ் பெட்டி வைத்துக் காத்திருந்தான். அந்த வெயிலில் பெரியவர்கள் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்கள்? நாக்பூர் தாண்டும்போது கூப்பிட்டு, எடுத்தாச்சு என்றான். அம்மா முகத்தைக் கடைசியாகப் போனில்தான் பார்த்தேன், அதுவும் சிக்னல் விட்டுவிட்டு. அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை. யார் மேல் ஆத்திரம்? எல்லார் மேலும்தான்.

திரும்பி வந்த வாரமே ஜனக்புரியில் வீட்டுக்குப் பக்கத்து பேங்கில் அந்தக் கணக்கைத் தொடங்கினோம். கார்டைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போட்டேன். கணக்கைப் போனில் இணைக்கவே கூடாது என்று சண்டை போட்டுத் தடுத்தேன். போனில் இருக்கிற காசு காசா? தெருமுனையில் மோமோ விற்கிற பையன்கூடக் கட்டம் போட்ட அட்டையை வைத்திருக்கிறான். போனை நீட்டினால் போயிற்று, போன சுவடே தெரியாது.

அதற்குப் பிறகு நான் சேர்த்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ட்யூஷன் சொல்லிக்கொடுக்கப் போகிற வீடுகளுக்கு மெட்ரோவை விட்டேன். டில்லியில் பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் சும்மா, நேரம் மட்டும்தான் செலவு. வாரச் சந்தைக்குக் கடைசியில் போவேன். காய்க்காரர் தார்ப்பாயைச் சுருட்டத் தொடங்கும்போது போய் நின்று, “பையா, ஜல்தி சொல்லு, எல்லாத்துக்கும் சேர்த்து என்ன விலை?” என்று பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் உயிரை எடுப்பேன். கொத்தமல்லியையும் பச்சைமிளகாயையும் சும்மா போடாமல் நகரமாட்டேன். கரண்ட் யூனிட் இருநூறுக்குள் நின்றால் பில் இல்லை என்பதால், மாதக் கடைசியில் மீட்டர் முன்னால் போய் முறைத்துக்கொண்டு நிற்பேன். பில் வராத மாதம் அந்தப் பணம் நேரே அந்தக் கணக்குக்குப் போகும்.

இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுகிறவளுக்கு நிம்மதி வர வேண்டுமே. வரவில்லை. சேரச் சேர பயம்தான் கூடியது. விமான டிக்கெட் ஒரு விலையில் நிற்கிற சாமானா என்ன? ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கணவர் போனை எடுத்து, நாளைய தேதியைப் போட்டு விலை பார்ப்பார். மற்ற வீடுகளில் தங்கம் விலை பார்ப்பார்களே, அந்த மாதிரி எங்களுக்கு இது. “இன்னைக்குப் பரவால்ல” என்பார். அப்படியென்றால் இன்றைக்கு ஊரில் யாராவது போனால் நாம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அர்த்தம். நானும் சரி என்று தட்டைக் கழுவப் போவேன்.

மே, ஜூனில் பள்ளிக்கூட லீவு, விலை தாறுமாறு. அக்டோபர், நவம்பரில் தீபாவளிக் கூட்டம். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம். காசு இருந்தாலும் விமானம் கிளம்பாது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால், எங்கள் ஊரில் ஒருவர் சாவதற்குத் தோதான மாதங்கள் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று நிற்கும். இப்படி ஒரு கணக்கை ஒரு மனுஷி போடுவாளா என்று கேட்கலாம். நான் போட்டேன். தீபாவளி கழிகிறவரை ஒவ்வொரு நாளும், அப்பா, இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா ரிட்டையரான பஸ் கண்டக்டர். நெஞ்சில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வைத்த மறுமாதமே கருவாட்டுக் குழம்பு கேட்டவர். மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லையென்றால் இல்லை. அண்ணன் சத்தம் போட்டால், டாக்டர் அவர் பிழைப்புக்குச் சொல்லுவார் என்று சிரித்துவிட்டுத் தாராளமாக உப்பு போட்டுக்கொள்வார்.

அந்தக் காசில் ஒரு தடவை போய் உயிரோடு பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று கீழ்வீட்டு அக்கா ஒருத்தி கேட்டாள். நான் யோசிக்காமலா இருப்பேன்? போய்ப் பார்த்துவிட்டு வந்த மறுவாரம் ஏதாவது ஆகிவிட்டால்? அப்போது எதை வைத்துப் போவேன்? அந்த நினைப்பு வந்ததும் கை பின்வாங்கிவிடும். அப்படியே மூன்று வருஷம் ஊருக்குப் போகவில்லை.

எங்கள் மகள் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் இந்தி கலந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஜெய்ப்பூருக்கு மூன்று நாள் கூட்டிப் போகிறார்கள் என்று வந்து நின்றாள். பணமில்லை என்றேன். அந்த அக்கவுண்ட்டில் இருக்கிறதே என்றாள். அது எதற்கு இருக்கிறது என்று உனக்குத் தெரியும் என்றேன்.

“அபி தோ, இப்போதைக்கு யாரும் சாகலையே அம்மா. நான் இப்ப இருக்கேன்ல?” என்றாள்.

கையை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடாமல் படுத்தாள். ஜெய்ப்பூருக்கும் அனுப்பவில்லை.

இன்னொரு விஷயம் இருந்தது. அதை நானும் கணவரும் பேசியதே இல்லை. ஊரில் இருந்த பெரியவர்கள் இரண்டு பேர். தென்காசியில் என் அப்பா, மன்னார்குடியில் கணவருடைய அம்மா. எங்கள் காசு ஒரு தடவைக்குத்தான் காணும். விலை பார்க்கும்போது அவர் முதலில் அவர் ஊர்ப்பக்கத்துத் திருச்சிக்குப் பார்ப்பார், பிறகுதான் எங்கள் பக்கத்து மதுரைக்கு. மகன்தானே, பார்க்கட்டும் என்று இருந்துவிடுவேன். ஆனாலும் மதுரை விலை வருகிறவரை தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன். யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்தக் காசு.

முந்திக்கொண்டது மாமியார். ஒரு செப்டம்பர் மாதம், அத்தை குளியலறையில் விழுந்து தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கிறார் என்று கொழுந்தன் கூப்பிட்டான். டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறாராம், உடனே வரவேண்டுமாம். கார்டை நானே பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மகளுக்குப் பரீட்சை இருந்ததால் நானும் அவளும் தங்கிவிட்டோம். கணவர் மறுநாள் விடிகாலை விமானத்தில் போனார்.

அவர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அத்தை கண் விழித்துவிட்டார். அதற்கு மறுநாள் கஞ்சி கேட்டுக் குடித்தாராம். ஆனால் அதற்குள் தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ, ஸ்கேன், முன்பணம் என்று எங்கள் பங்கு போய்க்கொண்டே இருந்தது. கணவர் ராத்திரி கூப்பிட்டு, “அம்மா நல்லாப் பேசுறாங்க, உன்னக்கூடக் கேட்டாங்க” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். சந்தோஷம்தான் என்று நானும் சொன்னேன். பிறகு, கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லை” என்றார்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. அத்தை மேல் கோபம். பிழைத்துக்கொண்டதற்காகக் கோபம். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷி அவர். பிரசவத்துக்கு டில்லிக்கு வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டே நாற்பது நாள் எனக்குப் பத்தியம் சமைத்துப் போட்டவர். அவர் கஞ்சி குடித்தார் என்று கேட்டதும் என் மனசு போன இடம் இதுதான்: இத்தனை செலவும் வீணா? சீ, என்ன பிறவி நான் என்று அழுகை வந்தது. அழுது முடித்தும் அந்தக் கோபம் போகவில்லை, அதுதான் கொடுமை.

கணவர் திரும்பி வந்த அன்று நாங்கள் அதிகம் பேசவில்லை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வழக்கம்போலப் போனை எடுத்தார். அன்றைக்கு முதலில் மதுரைக்குப் பார்த்தார். பார்த்து என்ன பண்ண, கையில் ஏது என்று மட்டும் கேட்டேன்.

அந்த வாரம் பூராவும் போன் மணி அடித்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடினேன். பேங்க்காரன் லோன் வேண்டுமா என்று கூப்பிட்டால்கூட, அந்த ஒரு நொடியில் அப்பா போய்விட்டார் என்றே நினைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார். சம்பந்தியம்மா எப்படி இருக்கிறார், டில்லியில் தக்காளி என்ன விலை என்றெல்லாம் விசாரித்தார். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. என்னவாம், குரலே இல்லை என்றார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. “கையில ஒண்ணுமே இல்லப்பா. நீங்க உடம்பப் பாத்துக்கிடுங்க. இப்ப உங்களுக்கு ஒண்ணுன்னா என்னால வர முடியாது” என்று சொல்லிவிட்டேன். பெற்ற அப்பாவிடம் ஒரு மகள் பேசுகிற பேச்சா அது? வாயை விட்டு வந்தபிறகுதான் உறைத்தது.

அப்பா கோபப்படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏட்டி, நீ எதுக்குக் காசு சேக்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்? உங்கம்மா போனப்ப நீ பட்ட பாட்ட நான் பாத்தேம்லா. திரும்பச் சேர எம்புட்டு நாளாவும்?”

“ஒரு வருஷம் ஆவும்ப்பா.”

“ஒரு வருஷம்தான? இருந்துக்கிடுதேன்.”

டிக்கெட் கிழித்துக் கொடுத்து மீதிச் சில்லறையை இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்கிற கண்டக்டர் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நானும் அழுகையோடு சிரித்துவிட்டேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

வேடிக்கை இல்லை. இரண்டு மாதம் கழித்து அண்ணன் கூப்பிட்டு, அப்பாவுக்கு என்ன ஆயிற்று, நீ ஏதாவது சொன்னாயா என்று கேட்டான். காலையில் எழுந்து குற்றாலம் ரோட்டில் நடந்துவிட்டு வருகிறாராம். மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாராம். கருவாடு மணந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாராம். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேச்சின் முடிவில் அப்பா கேட்பார்: எவ்வளவு சேர்ந்திருக்கிறது? கால்வாசி என்பேன். அடுத்த மாதம் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். அவரும் பதிலுக்கு, இந்த வாரம் உப்பைக் குறைத்தாயிற்று, மாடிப்படி மூச்சு வாங்காமல் ஏறினேன் என்று அவர் கணக்கைச் சொல்வார். நடுவில் குளிர்காலத்தில் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். ஹீட்டர் வாங்காமல் இரண்டு கம்பளியாகப் போர்த்திக்கொண்டு சமாளித்தோம். மகள் முணுமுணுத்தாளே தவிர எதிர்த்துப் பேசவில்லை. தாத்தாவிடம் போனில் அவளும் பேசுகிறாள் அல்லவா, என்ன பேசிக்கொண்டார்களோ.

போன வாரம் கணவருக்குச் சம்பளம் வந்தது. எனக்கு ட்யூஷன் பணமும் சேர்ந்து வந்தது. பேங்குக்குப் போய்க் கட்டிவிட்டு, வாசலிலேயே நின்று ரசீதை இரண்டு தடவை பார்த்தேன். முழுத் தொகையும் வந்துவிட்டது, மேலே கொஞ்சம் கூடவே. ஒரு வருஷமாக அதற்காகத்தான் உயிரை விட்டேன். ஆனால் அதைப் பார்த்ததும் அப்பா இருந்துக்கிடுதேன் என்று சொன்ன அந்த ஒரு வருஷம்தான் ஞாபகம் வந்தது. வெயிலில் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பஸ் போனது, ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார். மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், அண்ணன் மகனின் மார்க் என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தார்.

“வருஷம் ஆயிட்டேட்டி. சேந்துட்டா?”

கணவர் பக்கத்தில்தான் இருந்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“எங்க சேருதுப்பா?” என்றேன். “இன்னும் பாதிகூட ஆகல.”

“பாதிகூட ஆவலியா? சரி, அப்ப வச்சிருதேன். மாத்திரை போடணும்” என்றார் அப்பா.