கசெற்றின் மற்றப் பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு உலக இசை தெரிந்தவன் என்று ஒரு பெயர் இருக்கிறது. பெயரை வைத்தது நான்தான். அந்த அறிவு முழுவதும் ஒரே ஒரு கசெற்றின் ஒரு பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் கசெற் என்னுடையதில்லை. அதன் மற்றப் பக்கத்தில் இருந்த ஒரு தாயின் குரலை என் குரலால் அழித்தவனும் நான்தான். முப்பது வருடத்துக்கு மேலாக இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. தங்கச்சிக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அழிக்கும்போது சைக்கிள் மிதித்தவள் அவள்.

முல்லைத்தீவில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு இளையவன் என் வகுப்பு. மூத்தவர், அவனுடைய நானா, சவூதியில் வேலை. அப்போது கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டவர்கள் கசெற்றில் கதைத்து அனுப்புவார்கள். நானா கதைக்கவும் பஞ்சிப்பட்டவர். ஒரு பக்கம் முழுக்கப் பாட்டுகளைப் பதிந்து அனுப்பிவிடுவார். அறையில் கூட இருந்த எகிப்துக்காரன், சூடான்காரன், துருக்கிக்காரன் எல்லாரிடமும் இரவல் வாங்கிப் பதிந்த பாட்டுகள். கசெற் வீட்டுக்கு வந்ததும் உம்மா மற்றப் பக்கத்தில் பதில் கதைத்து, சவூதிக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவா. இப்படி ஒரே கசெற் போய்ப் போய் வரும்.

கடைசி முறை வந்த கசெற்றில் உம்மா கதைத்து முடித்துவிட்டா. கொண்டுபோகிற ஆள் வரமுதல், தொண்ணூறாம் ஆண்டு, வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும்போல அவர்களையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பார்த்துக்கொண்டு நிற்பதில் நாங்கள் கெட்டிக்காரர்.

என் சினேகிதன் ஓடிவந்து ரெக்கோடரையும் அதற்குள் கிடந்த கசெற்றையும் என் கையில் தந்தான்.

“வச்சிரு மச்சான். ரெண்டு கிழமையில வந்து எடுக்கிறன். பட்டரியைக் கழட்டி வை, இல்லாட்டி ஊத்திப்போடும்.”

“ஓம், ஓம்” என்றேன். அவனும் வாப்பாவும் உம்மாவும் லொறியில் ஏறும்போது நானும் அழுதேன். ஆனால் மனதின் ஒரு மூலையில், ஒரு ரெக்கோடர் எங்கள் வீட்டில் நிற்கப்போகிறதே என்ற சந்தோசமும் இருந்தது. பதினைந்து வயது. வயதைச் சொல்லித் தப்பலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தப்ப முடியவில்லை.

பிறகு வன்னிக்குள் பட்டரி வராத காலம் வந்தது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லை மிதித்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் பாட்டுக் கேட்போம். மிதிக்கிறவர் களைத்தால் பாடுகிறவரும் களைத்துவிடுவார். நான் ஆண் குரல் என்று நம்பி உருகிய ஒரு பாட்டைப் பாடியது பெண் என்று எனக்குத் தெரியவந்தது போன வருடம்தான். ஆபிரிக்கக் கலியாணப் பாட்டு ஒன்றைச் செத்தவீட்டுப் பாட்டென்று நினைத்து நாலைந்து வருடம் கவலைப்பட்டிருக்கிறேன்.

உம்மாவின் பக்கத்தையும் கேட்டோம். பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். கசெற்றைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் எனக்கு வானொலி அறிவிப்பாளர் ஆகும் ஆசை முற்றிவிட்டது. வெறும் கசெற் எங்கும் கிடையாது. உம்மா கதைத்து முடித்த இடத்துக்குப் பிறகு கொஞ்சம் வெறுமையாகக் கிடந்தது. அதில் பதியலாம் என்று திட்டம். கசெற்றைப் பின்னுக்குச் சுற்ற மிதித்தால் தங்கச்சியின் கால் வீணாகும் என்று, வழக்கம்போல் பென்சிலை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றினேன். எத்தனை சுற்று என்ற கணக்கை என் மனம்தான் வைத்திருந்தது. கூடச் சுற்றி, கிட்டத்தட்டப் பக்கத்தின் தொடக்கத்துக்கே போய்விட்டேன். பத்து நிமிசம் கம்பீரமாகப் பதிந்துவிட்டுப் போட்டுக் கேட்டோம். உம்மா, “மகன், நீ” என்றா. உடனே நான், “வணக்கம், அன்பான நேயர்களே” என்றேன்.

தங்கச்சி மிதிப்பதை நிறுத்தினாள். என் வணக்கம் இழுபட்டு இழுபட்டுச் செத்தது.

இனி இப்போதைய கதை. மூன்று வருடமாக அந்தப் பாட்டுகளைத் தேடி, கைபேசிக்கு முன்னால் இருந்து மெட்டுகளை முனகி முனகி (மனிசி அடுத்த அறையிலிருந்து, “வயித்துக்குத்தோ?” என்று கேட்பா) ஆறு பாட்டையும் கண்டுபிடித்தேன். கிழமைக்கு ஒன்றாகக் குழுவில் போடத் தொடங்கினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நினைவுக் குறிப்பு. முதலாவதுக்கு, “கடற்கரையில் தனித்திருந்த ஒரு மாலையில் சிற்றலை வானொலியில் நான் கண்டெடுத்த முத்து” என்று எழுதினேன். பத்துப் பேர் விரல் காட்டினார்கள். ஒருவர் தவறுதலாக ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார்.

ரெக்கோடர் தந்த பழைய சினேகிதனும் அந்தக் குழுவில் இருந்தான். அவன் சில வருடங்களுக்கு முன் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து, கயிறு, வலை, பெயின்ற் விற்கிற கடை போட்டிருக்கிறான். வந்த நாளிலிருந்து எத்தனையோ முறை தேத்தண்ணி குடித்திருக்கிறோம். ரெக்கோடரைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் பழைய சாமான் கேட்பதில்லை.

அந்த முதலாவது பாட்டுக்கு அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. “மச்சான், இது நானாட கசெற்றில முதலாவது பாட்டெல்லோ! சிற்றலையில பிடிச்சனியோ? எங்கட வீட்டு விறாந்தையிலயெல்லோ பிடிச்சனி!” சிரிப்பு.

நான் விரலைக் காட்டினேன். விரல் எதற்கும் பொருந்தும்.

அடுத்த கிழமை, “இது ரெண்டாவது. இன்னும் நாலு கிடக்கு” என்றான். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேறு பாட்டுத் தெரியாது.

மூன்றாவது பாட்டுக்குப் பிறகு தனியாக எழுதினான். நானா புத்தளத்தில் இருக்கிறார். அடுத்த மாதம் நெஞ்சில் ஒப்பரேசன். பாட்டுகளை அவருக்கு அனுப்பினானாம். கேட்டுவிட்டு, “மற்றப் பக்கத்தில உம்மா எனக்கு என்ன சொன்னவா?” என்று கேட்டாராம். நானா லீவில் வரமுதல் உம்மா புத்தளத்து முகாமிலேயே மௌத்தாகிவிட்டா. அந்தக் கசெற்தான் அவருக்குச் சேராத கடைசிப் பேச்சு. “உன்னட்ட இருக்கோ மச்சான்? கேட்டிட்டு ஒப்பரேசனுக்குப் போறன் எண்டுறார்.”

நான் எழுதினேன்: “இடப்பெயர்வில துலைஞ்சுபோட்டுது மச்சான்.”

வன்னியில் இதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. வீடு, காணி உறுதி, கலியாண அல்பம், நகை, மாடு, எது இல்லையென்றாலும் இந்த ஒரு வசனம் போதும். பொய்யும் இல்லை. கடைசி இடப்பெயர்வில் அந்தக் கசெற் கூடாரத் தறப்பாளோடு எங்கோ போனது உண்மை. அவனும் உடனே நம்பினான். “விடு மச்சான், எங்களுக்கு வீடே போட்டுது. நீ கவலைப்படாத.” இதற்குக் கீழே ஒரு கும்பிடு.

அந்தக் கும்பிடுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தங்கச்சியிடம் போனேன். இப்போது நாங்கள் இருக்கிற உடையார்கட்டில்தான் அவளும், எங்களுக்கு அடுத்த ஒழுங்கை.

“அண்ணை, அழிச்சதும் உண்மை, துலைஞ்சதும் உண்மை” என்றாள் அவள், மீன் வெட்டியபடி. “பிந்தினதைச் சொன்னால் காணும். முந்தினதைச் சொல்லி ஆருக்கு என்ன கிடைக்கப்போகுது?”

“அவன் கும்பிடு போட்டிருக்கிறான்.”

“நீயும் ஒண்டு திருப்பிப் போடு.”

ஆறாவது பாட்டைப் போட்ட அன்று அவன் குழுவில் எழுதினான்: “இதோட இந்தப் பக்கம் முடிஞ்சுது. இனித் திருப்பவேணும்.” மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்கும் பத்துப் பேர் விரல் காட்டினார்கள். ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

கடையில் அவன் ஒரு மீன்பிடிக்காரருக்கு நைலோன் கயிறு அளந்துகொண்டிருந்தான். அவர் போகும்வரை பொறுத்திருந்து, பென்சிலிலிருந்து வணக்கம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மிச்சக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். சுருட்டி முடித்து, அவிழ்த்து, திரும்பவும் சுருட்டினான்.

“எதுவரைக்கும் மிச்சம் இருந்தது?”

“‘மகன், நீ’ எண்டது வரைக்கும்.”

“அதுக்குப் பிறகு?”

“நான்.”

“என்ன சொன்னனீ?”

“வணக்கம் சொன்னனான்.”

“நல்ல பழக்கம்” என்றான். முகத்தைப் பார்த்தால் பகிடியா கோபமா என்று தெரியவில்லை. பிறகு கைபேசியை எடுத்துப் பெயின்ற் வாளியின் மேல் வைத்தான். “அழிக்க முந்திக் கேட்டனியெல்லோ?”

“கனதரம்.”

“அப்ப சொல்லு. நானாக்கு அனுப்பவேணும்.”

முப்பது வருடத்துக்கு முன் எந்தக் குரலை அழித்தேனோ அதே இடத்தில் இப்போது என்னைக் கதைக்கச் சொல்கிறான். மறுக்க என்னிடம் வழியில்லை. எனக்குக் கேட்டபடியே தொடங்கினேன்.

“மகன், நீ... அனுப்பின... பாட்டெல்லாம்...”

“நில்லு. ஏன்ரா மூச்சு வாங்கிறாய்? உம்மா அப்பிடிக் கதைக்கமாட்டா. வாயைத் துறந்தால் பொரி கொட்டின மாதிரி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நினைவில் வைத்திருப்பது உம்மாவின் குரல் இல்லை. தங்கச்சியின் கால் களைத்த குரல். அவனுக்கு விளங்கப்படுத்தினேன். கெதியாய்ச் சொல்லப் பார்த்தேன். கெதியாய்ச் சொன்னால் அடுத்த சொல் வரவில்லை. கடைசியில் அவன், “சரி, சைக்கிள் ஓடுற வேகத்திலயே சொல்லு” என்றான்.

சொன்னேன். மகன், நீ அனுப்பின பாட்டெல்லாம் கேட்டன், ஒண்டும் விளங்கேல்லை. இனிப் பாட்டு வேண்டாம், நீ கதைச்சு அனுப்பு. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. பால்மா வந்தது. நீ அனுப்பின செருப்பு எனக்குக் காணாது, விரல் வெளியில நிக்குது. அறையில உள்ளவங்களுக்குச் சட்டை இரவல் குடுக்காத. நேரத்துக்குச் சாப்பிடு.

அதற்குப் பிறகு கடைசியாக ஒரு வசனம் இருந்தது. எனக்கு அது வரவில்லை. கண்ணை மூடினேன், கயிற்றுப் பந்தைப் பார்த்தேன், வரவில்லை.

“சுகமா இரு எண்டு சொல்லியிருப்பா” என்றான் அவன் மெதுவாக.

“சொல்லியிருப்பா. ஆனா எனக்கு ஞாபகமில்லை மச்சான்.”

அவன் கைபேசியை விரலால் தட்டி நிறுத்தினான். தேத்தண்ணி வந்தது. குடித்தோம். குழந்தைகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்தோம். போகும்போது அவன் என்னைத் திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. எது வந்தாலும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவன், வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அழைத்தான்.

“நானா நாலைஞ்சு தரம் போட்டுக் கேட்டவராம்.”

“என்ன சொன்னவர்?”

“செருப்பு வாப்பாக்கு அனுப்பினதாம், உம்மாக்கு இல்லையாம். ‘உவன் அண்டைக்கும் ஒழுங்காக் கேக்கேல்லைப் போல’ எண்டார்.”