வெந்நீர் ஊற்று வரை ஒரு நடை

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழ்த்தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்தேன். அது மாரடைப்பு. ஸ்டென்ட் (சுருங்கிய ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் நுண்ணிய வலைக்குழாய்) வைத்து என்னைக் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன்பின் என் உடம்பை நான் நம்பவில்லை. ஏப்பம் வந்தாலும் சந்தேகம், தோள் இழுத்தாலும் சந்தேகம். இந்த நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு இது புரியும்.

“ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல். நீங்க தாராளமா ஹைக் பண்ணலாம்,” என்றார் இதய மருத்துவர். “ஆனா ஹாட் ஸ்பிரிங்ஸ்ல இறங்கி ரொம்ப நேரம் உட்காராதீங்க. பிரஷர் சட்டுனு இறங்கிடும்.” அவர் சிரித்த விதத்தையும் சந்தேகித்தேன்.

என் மாத்திரைகளையும் உப்பில்லாத சமையலையும் கவனித்துக்கொண்டவர் என் கணவர் பிரகாஷ். டாக்டரிடம் நாங்கள் கேட்டது அவர் நெடுநாளாக ஆசைப்பட்ட ஒரு நடையைப் பற்றி. கலிஃபோர்னியாவின் வடபகுதியில் எரிமலைகளுக்கு இடையே பகல் முழுக்க நடந்தால் ஒரு வெந்நீர் ஊற்று, பக்கத்தில் சிறிய விடுதி.

கிளம்பிய அன்று, காலடியில் சாம்பல் மண் சரிந்தது. பாறை இடுக்குகளில் ஆவி சீறியது. கந்தக நாற்றத்தில் மூச்சடைத்தபோதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன்.

பிரகாஷ் அடிக்கடி நின்றார். “நீ போய்க்கிட்டே இரு, ஒரு போட்டோ எடுத்துட்டு வரேன்.”

“எனக்காகத்தானே நிக்கறீங்க? டாக்டர் உங்ககிட்ட தனியா ஏதாவது சொன்னாரா?”

“உனக்கு எல்லாத்துலயும் டவுட்.”

கோபத்தில் அடுத்த மேட்டை ஏறிவிட்டேன். வலி இல்லை. திரும்பிப் பார்த்தால், அவர் பாறையில் சாய்ந்திருந்தார். தொங்கிய கையில் போனின் திரை இருண்டிருந்தது. நான் ஜாக்கெட் போட்டிருந்த குளிர்காற்றில் அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

போனில் சிக்னல் இல்லை. திரும்பிப் போவதைவிட ஊற்றுக்குப் போவது பக்கம். கைபிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போனேன். சேர்ந்ததும் ஷூவைக் கழற்றினார். “கேஸ்தான். கொஞ்ச நேரம் வெந்நீர்ல உட்கார்ந்தா சரியாயிடும்.”

“இறங்காதீங்க.”

“பேஷண்ட் நீயா, நானா?”

இரு கைகளாலும் அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். விடுதிப் பெண் சாட்டிலைட் போனில் உதவி கேட்டாள். மறுமுனையில் சொன்னபடி, என் பையிலிருந்த ஆஸ்பிரினை மென்று விழுங்கவைத்தேன். ஹெலிகாப்டர் வரும்வரை அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய்களில் அடைப்பு. பைபாஸ் (அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட மாற்றுப்பாதை அமைக்கும் அறுவை சிகிச்சை) செய்தார்கள். தண்ணீரில் இறங்கியிருந்தால் மயங்கி விழுந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

கண் விழித்தபின் பிரகாஷிடம் கேட்டேன். “எப்பலேருந்து வலி?”

“நீ டிஸ்சார்ஜ் ஆன கொஞ்ச நாள்லேருந்து. உன்னைப் பார்த்துக்க வேண்டிய நேரத்துல நானும் எப்படிப் படுக்கறது?”

என்னிடம் எதையோ ஒளிக்கிறார்கள் என்ற என் சந்தேகம் சரிதான். ஒளிக்கப்பட்ட இதயம்தான் வேறு. இதைப் படிக்கும் நோயாளிகளே, உங்களைப் பார்த்துக்கொள்பவரிடம் அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். முதல் பதிலை நம்பாதீர்கள்.

இப்போது தெருமுனை வரை போய்த் திரும்புகிறோம். அவ்வளவுதான் எங்கள் நாள். அது குறைவாகத் தெரிவதில்லை. அறுவைக் காயம் ஆறியபின் அவர் மார்பில் தலைவைத்துப் படுக்கிறேன். காதில் கேட்கும் துடிப்பு யாருடையது என்று சில சமயம் தெரிவதில்லை. தெரியும்வரை அசையாமல் கிடக்கிறேன்.