பொட்டிக்குள் ஒரு பத்லி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் முதல் பிரவுசிங் சென்டர் என்னுடையதுதான். எனக்கு முன்னால் ஒருத்தன் வைத்திருந்தான் என்பார்கள். அவனிடம் இருந்தது இரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்று ஓடாது. அது கணக்கில் வராது.

துறைமுகத்தில் கழித்துப் போட்ட கன்டெய்னர் ஒன்றை வாங்கி, ஜன்னல் வெட்டி, ஏ.சி. மாட்டினேன். எங்கள் பக்கம் கன்டெய்னரும் பொட்டி, கம்ப்யூட்டரும் பொட்டி. பொட்டிக்குள் ஆறு பொட்டி, அத்தனைக்கும் ஒரே டெலிபோன் லைன். ஒரு படம் இறங்குவதற்குள் டீ ஆறிவிடும்.

அதற்கு மருந்தாகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு மூலையில் உட்கார வைத்தேன். பெயர் ப்ராக்ஸி. யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் இது வெளியே போய் வாங்கி வரும். ஒரு நகலை வைத்துக்கொள்ளும். அடுத்தவன் அதையே கேட்டால் வெளியே போகாமல் நகலை நீட்டும். துறைமுகத்தில் வராத ஆளுக்குப் பதிலாக வேலைக்கு நிற்கிறவனைப் பத்லி என்போம். இதுவும் பத்லிதான். வாங்கியதை ஒரு வாரம் வைத்திரு என்று சொல்லி வைத்தேன். கடை பறந்தது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரர், தினமும் வந்து துறைமுகத்தின் கப்பல் பட்டியலைப் பார்ப்பாள். ஒரு வருஷம் கழித்து அவர் கப்பல் சென்னைக்கு வருகிறது. ஒரு நாள்தான் நிற்கும். தவறவிட்டால் மறுபடி எப்போதோ.

"இன்னா நைனா, மூணு நாளா கப்பலு வெளியவே நிக்குது?"

"ஹார்பர் ஜீரோ கேட்ல நாள் கணக்கா லாரி நிக்கல? அப்டித்தாம்மே. கடல்லயும் கியூ."

பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த டிரெய்லர் டிரைவர் எட்டிப் பார்த்தார். "இந்தக் கப்பலா? காத்தால இதுலேர்ந்துதான் சரக்கு ஏத்திகினு வந்தேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "யோவ், உன் பொட்டி பொய் சொல்லுது!"

"பொய் இல்லம்மே, பழச சொல்லுது."

"பழச சொல்றதுக்கு எங்க மாமியார் கீது. நீ எதுக்கு காசு வாங்குற?"

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ரெஃப்ரெஷ் தட்டினேன். அப்படித் தட்டினால் பத்லி வாயை மூடிக்கொண்டு வெளியே போயாக வேண்டும். புதுப் பட்டியல் வந்தது: கப்பல் இன்று மாலை புறப்படுகிறது.

அவளை என் எம்-எய்ட்டி வண்டியில் ஏற்றினேன். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே நான் ஓட்டிய ஓட்டத்தை இன்றைக்கு எந்தப் பயலும் ஓட்ட மாட்டான். ஜீரோ கேட்டில் இறங்கவும், எதிரே ஆட்டோவில் அவள் புருஷன் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"வூடு பூட்டிகீது! எங்கடி போன?"

"உன் கப்பல பாக்கத்தான்யா போனேன், கம்பூட்டர்ல!"

"கப்பலு இங்க நிக்குது, கம்பூட்டர்ல இன்னாத்த பாத்த?"

இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோதும் சண்டை ஓயவில்லை. ஆனால் லாரி நிழலில் ஒட்டி உட்கார்ந்து போட்டார்கள். அரை மணி நேரம். பிறகு அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே ஓடினார்.

அவளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். தண்டையார்பேட்டை தாண்டியதும் என் தோளைத் தட்டினாள்.

"ஒரு வருஷமா சேத்து வச்சிருந்தேன் நைனா. பாதிதான் திட்ட முடிஞ்சுது."