முகம் கேட்ட வகுப்பு

நீல பிளாஸ்டிக் கதிரை ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. முதுகுப் பக்கம் வெடித்த இடத்தைக் கம்பியால் தைத்து வைத்திருக்கிறோம். யாராவது அதை எறியச் சொன்னால் சண்டைக்குப் போவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் உம்மா, அதில் இருந்துதான் எனக்காகக் கல்லூரி வகுப்புகளுக்கு வரவு தந்தார்.

கணவர் மௌத்தானபோது நான் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவின் நடுவில் இருந்தேன். வகுப்பெல்லாம் போனில்தான். கெமராவில் முகம் தெரிந்தால் வரவு, தெரியாவிட்டால் இல்லை. அந்த வாரமே மூன்று வகுப்புகள் போயின. கூடவே இத்தா, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய காலம். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களுக்கு முகம் காட்டக் கூடாது. கெமராவைப் போடாமல் இரண்டு வகுப்புகளை முழுதாகக் கேட்டேன். இரண்டுக்கும் 'இல்லை' என்றே விழுந்தது. காரணத்தை வகுப்பெடுக்கும் சேரிடம் வாய் திறந்து சொல்ல வெட்கம். இன்னும் ஒன்று தவறினால் பரீட்சை இல்லை. தவறியதை ஈடுசெய்ய, சனிக்கிழமை மீள்வகுப்புக்குக் கல்லூரியின் கல்முனை நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். ஓட்டோவில் பத்தே நிமிடம்.

"தேவைக்குப் போகலாமாம் உம்மா, மௌலவி சொல்றார்," என்று கெஞ்சினேன்.

"மௌலவி சொல்லுவார். ஊர் விடுமா? நாலு மாசம் பத்து நாள், ஒரு நாளும் கொறையாது."

அன்று உம்மாவை வெறுத்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. மகளுக்கு மூன்று வயது. டிப்ளோமா இருந்தால் பக்கத்து முன்பள்ளியில் எனக்கு இடம் இருந்தது. அது போனால் ஆயுள் முழுக்கக் கூடப்பிறந்த காக்காமாரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தெருப் பக்க ஜன்னலைக்கூடச் சாத்தி வைத்திருந்தார்கள். இரண்டு நாள் உம்மாவோடு கதைக்கவேயில்லை.

அடுத்த வகுப்பு பின்னேரம் வந்தது. போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, கதவுத் திரைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். சேர் பெயர் கூப்பிடுவது கேட்டது. எட்டிப் பார்த்தால், முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உம்மா நீலக் கதிரையில் இருக்கிறார். கெமராவைப் போட்டுக் கொடுத்தது என் மகள்தான்.

"யாரம்மா நீங்கள்?" என்றார் சேர்.

"நான் அவட உம்மா. மகள் இத்தாவில இரிக்கா. ஒங்களுக்கு முகம்தானே சேர் வேணும்? என்ட முகத்தப் பாருங்க. பாடத்த அவட்ட கேளுங்க."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"விளங்குது அம்மா. மகள் பக்கத்தில நிக்கிறாவா?" என்றார் சேர்.

"இரிக்கன் சேர்," என்றேன் திரைக்குள்ளிருந்து.

கேள்வி கேட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னேன். வரவு விழுந்தது. சனிக்கிழமை மீள்வகுப்புகளையும் இப்படியே போனில் வைத்துக்கொள்வோம் என்றார்.

இத்தா முடியும் வரை உம்மா ஒரு வகுப்பையும் விடவில்லை. கால் வீங்கிவிடும், அசையமாட்டார். "நான் எழும்பினா ஒனக்கு இல்லெண்டு போட்டிருவாங்க," என்பார். எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை. என்னை அடைத்து வைத்தவர் என்று நினைத்திருந்தேன். அவரும் என்னோடு உள்ளேதான் இருந்தார் என்பது பிந்தித்தான் விளங்கியது.

இப்போது அதே டிப்ளோமாவுக்கு நான் வகுப்பெடுக்கிறேன், அதே கதிரையில் இருந்து. சட்டமும் அதேதான். போன கிழமை ஒரு பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டேன். கறுப்புக் கட்டம்தான் தெரிந்தது.

"இரிக்கன் மிஸ். கெமரா போட ஏலாம இரிக்கி," என்றது மெல்லிய குரல்.

ஏனென்று நான் கேட்கவில்லை. நிலையத்துக்குப் பயந்தேன். "இல்லை" என்று முணுமுணுத்தபடியே பதிந்தேன்.

கட்டிலில் படுத்திருந்த உம்மா தலையைத் திருப்பினார். "ஏன் மகள், இல்லெண்டு போடுறாய்? சத்தம் கேட்டிச்சே."

"முகம் தெரியணும் உம்மா."

உம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்ப நீ எழும்பு. அந்தப் பிள்ளைக்கும் நான் இரிக்கன்."

கதிரையை விட்டு எழும்பினேன்.