பன்னிரண்டு வாரமும் என் தலைமுடியும்

குதிரைவாலுக்கு ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினால் இறுக்கமாக நிற்கும். அன்று காலை அலுவலக ஜிம்மில் மூன்று சுற்று சுற்றியும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பேண்டுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு டிரெட்மில்லில் ஏறினேன். ஓடி முடித்துப் பாயில் படுத்து எழுந்தபோது அதன்மேல் முடி கிடந்தது. வேரோடு வந்த நீள முடி ஒரு கொத்து. நடுவில் ஒடிந்து விழுந்த துண்டுகள் அதைவிட அதிகம். ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தேன். காய்ந்த துடைப்பக்குச்சி மாதிரி படக்கென்று ஒடிந்தது.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஹைதராபாத் மெட்டுகுடாவில் ஒரு தமிழ் ரயில்வே குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகும் அதே பகுதியில் குடியிருப்பவள். மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வழியெல்லாம் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. போகவர மூன்று மணி நேரம் பஸ், மிச்ச நேரம் நாற்காலி. கணவர் பிரபுவுக்குக் காஞ்சன்பாக்கில் தொழிற்சாலை வேலை. மகள் நிஷாவுக்கு ஒன்பது வயது.

அலுவலகத்தில் பன்னிரண்டு வார எடைக்குறைப்புப் போட்டி ஒன்று வைத்தார்கள். நான் பதினான்கு கிலோ குறைந்து இரண்டாவதாக வந்தேன். காலையில் வெந்நீரில் கரைத்த ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காயும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும், மாலையில் ஒரு ஆப்பிள், இரவில் ஒன்றும் கிடையாது. இதோடு தினமும் ஒரு மணி நேர ஓட்டம். 'முன்பு, பின்பு' என்று என் படங்கள் இரண்டு கேன்டீன் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டன. முடி கொட்டத் தொடங்கியபோது போட்டி முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஹைதராபாத் போர் தண்ணீர் என்றார்கள் பலர். நான் பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். வெங்காயச் சாறு தேய்த்தேன். நாலு வகை எண்ணெய் மாற்றினேன். வகிடு அகலமாகிக்கொண்டே போனது.

"ஜிம்மை விட்டுடு எஸ்தர். கைக்கு இந்தத் தொல்லையெல்லாம்?" என்றார் பிரபு. எங்கள் ஊர்ப் பேச்சில் 'கைக்கு' என்றால் 'எதற்கு'. "முன்னாடி நல்லாத்தானே இருந்தே?"

"நல்லா இல்ல. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும், உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வந்தது. போன மாதம்தான் மௌலா அலி குன்றின் படிகளை நிஷாவோடு எங்கும் உட்காராமல் ஏறியிருந்தேன். சிறுமியாக இருந்தபோதுகூட என்னால் முடியாத காரியம் அது. அந்தக் கால்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் முடியை வாங்க வேண்டும் என்றால், எனக்கு அந்தப் பேரத்தில் சம்மதம் இல்லை.

செகந்திராபாத்தில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். தெலுங்குக்காரர். வேலூர்ப் பக்கம் படித்ததால் நன்றாகத் தமிழ் பேசினார். தலையில் மூன்று இடங்களில் முடியைக் கொத்தாகப் பிடித்து மெல்ல இழுத்தார். ஒவ்வொரு முறையும் விரல்களில் முடி வந்தது.

"நேத்து என்னென்ன சாப்ட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை மூடினார்.

"பீரியட்ஸ்?"

இரண்டு மாதமாக வரவில்லை என்றேன். அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. தொல்லை விட்டது என்று கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் குறைவு. ஃபெரிட்டின் (உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்புச் சத்தைக் காட்டும் அளவு) தரைமட்டம். நோயின் பெயர் டெலோஜன் எஃப்ளூவியம் (பட்டினி, காய்ச்சல் போன்ற அதிர்ச்சியால் ஏராளமான முடி ஒரேயடியாக வளர்ச்சியை நிறுத்தி, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது).

"உங்க உடம்பு இதைப் பஞ்சம்னு நினைச்சுக்கிச்சும்மா. இருக்கறதை இதயத்துக்கும் மூளைக்கும் குடுத்துடும். முடிக்கு மிச்சம் இல்ல."

"ஜிம்மை நிறுத்த மாட்டேன் டாக்டர்."

அவர் சிரித்தார். "நான் நிறுத்தச் சொல்லவே இல்லையே? ஒரு மாசம் ஓட்டத்தைக் குறைங்க. அப்புறம் வெயிட் தூக்குங்க, தாராளமா. ஆனா சாப்பிடணும். பருப்பு, முட்டை முழுசா, மீன், சோறு."

இரும்பு மாத்திரை கொடுத்தார். இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பரிசோதனை செய்யாமல் நீங்களாக அதை விழுங்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்படவும் வேண்டாம். என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் பயந்தேன்.

மாத்திரை எளிது. சோறுதான் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது வாரம் எடை ஒன்றரை கிலோ ஏறியது. மறுநாள் மதியச் சாப்பாட்டை டப்பாவோடு அப்படியே திருப்பிக் கொண்டுவந்து கொட்டினேன். அதற்கு அடுத்த நாளும். கேன்டீன் சுவரில் ஒல்லியாக நின்றவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மட்டன் குழம்பு வைத்திருந்தேன். நிஷா தட்டிலிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு வெள்ளரித் துண்டைக் கடித்தாள்.

"சாப்பிடுடி, உனக்குப் பிடிக்குமே."

"நக்கோ மம்மி. மோட்டி ஹோ ஜாவூங்கி."

வேண்டாமாம், குண்டாகிவிடுவாளாம். அவள் மணிக்கட்டை என் இரண்டு விரல்களால் சுற்றிப் பிடித்துவிடலாம்.

"யாரு உனக்கு அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீயும்தானே சாப்பிட மாட்டே?"

எனக்கு ஒரு தட்டு எடுத்துவந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். சோறு போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டேன். பிரபு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நிஷா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, நல்லி எலும்பு வேண்டுமென்று கேட்டாள். அன்று சாயங்காலமே எடைபார்க்கும் கருவியைப் பழைய சாமான்காரரிடம் போட்டேன்.

அடுத்த வாரம் முடியைக் காதுக்கு மேலே வெட்டிக்கொண்டேன். "விக் வெச்சுக்கலாமே" என்று பார்லர் பெண் தெலுங்கில் சொன்னாள். வைத்துக்கொள்பவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது போட்டி அறிவித்தபோது எச்.ஆர். பெண் சுனிதா அதன் தொடக்கக் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டாள். என் தலையைப் பார்த்துத் தயங்கி, "மேடம், ஸ்கார்ஃப் கட்டிக்கிறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாட்டேன் என்றேன்.

கூட்டத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். என்ன சாப்பிட்டேன் என்பதைச் சொன்னேன். எது நின்றுபோனது என்பதையும் ஆண்கள் இருக்கிறார்களே என்று பார்க்காமல் சொன்னேன். தலையைக் குனிந்து வகிட்டைக் காட்டினேன். "உடற்பயிற்சி செய்யுங்கள், நானும் செய்கிறேன். பட்டினி கிடந்து ஜெயிக்காதீர்கள். அந்தப் படத்தை இன்றே எடுங்கள், அது என் வெற்றி இல்லை, அது ஒரு நோயாளியின் படம்" என்றேன். சுனிதா மைக்கை வாங்கி, ஏதாவது பாசிட்டிவாகச் சொல்லி முடிக்கும்படி கேட்டாள். "முடித்துவிட்டேன்" என்றேன்.

போட்டி நிற்கவில்லை. படம் இரண்டு நாள் கழித்து, நான் ஏணி கொண்டுவரச் சொல்லி அங்கேயே நின்ற பிறகுதான் இறங்கியது. ஆனால் கூட்டம் முடிந்த அன்றே கழிவறை வாசலில் ஒரு பெண் தன் துப்பட்டாவை விலக்கி முடி உதிர்ந்த நெற்றியோரத்தைக் காட்டினாள். மருத்துவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். வாரக் கடைசிக்குள் மூன்று பேர் கேட்டார்கள்.

ஐந்தாவது மாதம் மருத்துவர் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நெற்றியோரம் புல் மாதிரி குட்டை முடிகள் விறைத்து நின்றன. மாதவிடாய் அதற்கு முன்பே திரும்பியிருந்தது. இழந்த கிலோக்களில் எட்டோ ஒன்பதோ திரும்பியிருக்கும்; எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தது இது: ஐம்பது கிலோ இரும்பைத் தரையிலிருந்து தூக்கி நிமிர முடிகிறது.

முடி பழைய அடர்த்திக்கு வரவில்லை. வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் நாள்காட்டி எனக்கு வேறு மாதிரி ஓடுகிறது. இன்று தலையில் தெரிவது மூன்று மாதத்துக்கு முன் நான் உடம்புக்குச் செய்தது. இன்று செய்வதற்கு அது மூன்று மாதம் கழித்துத்தான் பதில் சொல்லும். யாருடைய சவாலுக்காகவும் அதை அவசரப்படுத்த முடியாது. நான் அவசரப்படுத்தவும் மாட்டேன். காலையில் பளு தூக்கிவிட்டு வந்தால் நன்றாகப் பசிக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.