சியான் கோயில் வாசலில் என் சப்பாத்து

என் மகன் கட்ட ஆசைப்பட்ட பிள்ளை, சீனாவில் சியான் நகரத்துக்காரி. ரொறொன்ரோவுக்குப் படிக்க வந்து இங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டவள். அவளுடைய அம்மாதான் சம்மதம் சொல்லவில்லை. தனியாக வளர்த்த ஒரே பிள்ளையை, முன்பின் தெரியாத சனத்திடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டாராம். நியாயம்தானே! நாங்களே நேரில் போய்ப் பெண் கேட்போம் என்று நானும் இவரும் ரொறொன்ரோ மல்வேர்னிலிருந்து வெளிக்கிட்டோம். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளை எங்களோடு வந்தாள்.

சியானில் பிள்ளையின் அம்மா எங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டினார். கவனிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நான் கலியாணப் பேச்சை எடுத்தால் உடனே தேத்தண்ணி ஊற்றுவார். நான் குடித்த தேத்தண்ணிக்கு அளவே இல்லை. நகரத்தின் நடுவில் நிற்கும் மணிக் கோபுரத்தைப் பார்த்தோம். பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் கோட்டை மதிலில் ஏறினோம். ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிற இவர் மதிலின் அகலத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்சாரும், இதிலை ரெண்டு பஸ் எதிரெதிரா போகலாம்" என்றார். வந்த விஷயம் என்ன, இந்த மனுசன் பார்க்கிறது என்ன! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி நாள் அந்த அம்மா எங்களை ஒரு பழைய புத்த கோயிலுக்குக் கூட்டிப்போனார். முற்றம் நிறைய ஊதுபத்திப் புகை, பின்னால் தட்டுத் தட்டாக உயர்ந்த செங்கல் கோபுரம். மண்டபப் படியைக் கண்டதும் நான் யோசிக்கவேயில்லை. அந்தக் குளிரிலும் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்தேன். இவரும் கழற்றினார். உள்ளே போய், 'அப்பனே, இந்தப் பிள்ளையை எங்களுக்குத் தந்துவிடு' என்று கண்ணை மூடி மன்றாடினேன். கண்ணைத் திறந்தால் சுற்றிவர எல்லாரும் சப்பாத்தோடு நிற்கிறார்கள்.

வெளியே வந்தால் எங்கள் சப்பாத்துகளைக் காணோம்! யாரோ விட்டுப்போன சாமான் என்று முற்றம் கூட்டுகிற பெண் எடுத்துக்கொண்டு போகிறாள். இவர் வெறுங்காலோடு முற்றத்தில் அவளைத் துரத்திக்கொண்டு ஓடினார். அதைப் பார்த்து அந்த அம்மா சிரித்த சிரிப்பு! தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைப் படியில் இருத்தி, கழுத்துச் சால்வையை அவிழ்த்து, விறைத்துப்போன என் கால்களைச் சுற்றிக் கட்டினார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. கட்டிக்கொண்டே ஏதோ கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

அவள் இங்கிலிசில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"ரொறொன்ரோக் குளிருக்கை நான் ஒழுங்கா உடுத்திறனோ எண்டு ஆர் பாக்கிறது எண்டு கேக்கிறா, அன்ரி."

"நான் பாப்பன் எண்டு சொல்லு."

சொன்னாள். அம்மா என் கால்களைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் சிரிக்கத் தொடங்கியவருக்குப் பாதியில் கண் கலங்கிவிட்டது. மகளின் கையை எடுத்து என் மடியில் வைத்து, மெதுவாகச் சொன்னார்.

பிள்ளை என் மடியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "உங்களைப் பாக்கத்தான் ஒரு ஆள் வேணுமாம், அன்ரி. அதுக்கு என்னை அனுப்புறாவாம்."